முடியாதது ஒன்றுமில்லை திருப்பூருக்கு

திருப்பூர்ச் சாயப்பட்டறைக்காரர்களின் கண்ணைப் புகழாமல் இருக்க முடியாது. வெளிநாட்டுப் பையர் அனுப்பும் உள்ளங்கை அகலத் துண்டுத்துணியைப் பார்த்து, அதே நிறத்தைக் கிலோ கணக்கான பனியன் துணியில் அப்படியே கொண்டுவந்துவிடுவார்கள். ஒரு லாட்டுக்கும் அடுத்த லாட்டுக்கும் மயிரிழை வித்தியாசம் தெரிந்தால்கூடத் துணி மறுபடி மிஷினுக்குப் போகும். அந்தக் கண்களுக்கு எதிரேதான் ஆண்டுக்கணக்கில் நொய்யல் ஒரு நாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் ஓடியது. துணியில் அரை ஷேடு கூடினால் பொறுக்காதவர்கள், ஓர் ஆறே நிறம் மாறியதைப் பொறுத்துக்கொண்டார்கள். அவ்வளவு பொறுமை எல்லோருக்கும் வராது.

அவர்களின் இரக்கத்தையும் சொல்ல வேண்டும். சில அசோ சாயங்கள் சிதைந்தால் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் வெளிப்படும் என்று 1994-ல் ஜெர்மனி அவற்றைத் தடை செய்தது. திருப்பூர் மறுபேச்சில்லாமல் சாயத்தை மாற்றிக்கொண்டது. எங்கோ பெர்லினில் தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் தோலுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதில் அத்தனை கவனம். ஆற்றங்கரையில் தண்ணீர் குடித்த மாட்டுக்கும், அந்த ஆற்றை நம்பிய கிணறுகளில் குடம் நிரப்பிய பெண்களுக்கும் இப்படி ஒரு சட்டம் ஜெர்மனியிலிருந்து வந்திருந்தால், அவர்களையும் நிச்சயம் காப்பாற்றியிருப்பார்கள்.

கொடைக்கும் குறைவில்லை. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற வேண்டுமானால் தொட்டியில் உப்பைக் கொட்ட வேண்டும். அடர்நிறம் என்றால் லிட்டருக்கு 80 கிராம்கூடப் போகும். கடல்தண்ணீரில் இருப்பதே லிட்டருக்குச் சுமார் 35 கிராம்தான். சாயத்தைத் துணிக்குள் தள்ளிவிட்டதும் உப்பின் வேலை முடிந்தது. பிறகு வால்வைத் திறந்தால் முதலில் கொதிக்கக் கொதிக்கச் சாயத்தண்ணீர் போகும். அதன் பின்னால் ஒரு அலசல், இன்னொரு அலசல், சோப்பு அலசல் என்று வரிசையாக இறங்கும். சட்டையில் நிறம் மட்டும் மிஞ்சும். உப்பு முழுவதும் தண்ணீரோடு போய்விடும். கடலே பார்க்காத கொங்கு மேட்டுக்காட்டுக்கு, காசு ஒன்றும் வாங்காமல் கடலைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் இவர்கள். வயலில் வெள்ளை பூத்தது, தென்னை காய் சிறுத்தது, கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாமல் போனது எல்லாம் அந்தக் கொடையின் கணக்கில் வரும்.

அரசின் பங்கும் சிறிதல்ல. சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே 1992-ல் அணை கட்டி முடித்தது. ஈரோடு, கரூர்ப் பக்கத்து நிலங்களுக்குப் பாசனம் என்பது திட்டம். பட்டறைகள் தந்ததையெல்லாம் அந்த அணை ஒரு துளி சிந்தாமல் தேக்கி வைத்தது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கோப்புகளில் சிதறிக் கிடந்த உண்மையை ஒரே இடத்தில் குவித்து ஊருக்குக் காட்டியது அந்த அணைதான். பாசனத்துக்குக் கட்டியது பயன்படவில்லை என்று சொல்லாதீர்கள். சாட்சியாக நிற்கப் பயன்பட்டது.

வாரியத்தின் நிதானத்தை மெச்ச எனக்குச் சொல் போதவில்லை. தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974-லேயே வந்துவிட்டது. தொழிற்சாலையை மூடவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் அதிகாரம் தரும் திருத்தம் 1988-ல் வந்தது. கையில் இவ்வளவு பெரிய கத்தியை வைத்துக்கொண்டு, யாருக்கும் கீறல்கூட விழாமல் இத்தனை ஆண்டு பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள்தான் நீதிமன்றத்துக்கு அலைந்தார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக் கூடாது என்பதை 2006-ல் உயர் நீதிமன்றம் கறாராகச் சொன்னது. 2009-ல் உச்ச நீதிமன்றமும் அதையே நிலைநிறுத்தியது. அதன் பிறகும் சாயத்தண்ணீர் நிற்காததால், 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகளை ஒட்டுமொத்தமாக மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

என் பாராட்டில் பெரிய பங்கு இதற்குப் பின் நடந்ததற்குத்தான். அதுவரை கேட்டதெல்லாம் "முடியாது, தொழில் படுத்துவிடும்" என்ற பேச்சு. கதவு மூடியதும் எல்லாம் முடிந்தது. அரசு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாகக் கொடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீரை நுண்ணுயிர்களால் தெளியவைத்து, ஆர்.ஓ.வில் வடித்து, மிச்சத்தை ஆவியாக்கும் முறையைத் தேற்றினார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீரைத் திரும்ப எடுத்து அதிலேயே சாயம் போடுகிறார்கள். உப்புக்கரைசலும் மறுபடி தொட்டிக்கே போகிறது. உலகத்திலேயே இந்த அளவுக்கு இதைச் செய்து காட்டிய பின்னலாடை ஊர்கள் அரிது. இதில் எனக்கு உண்மையான பெருமை உண்டு. இவ்வளவு திறமையும் அவர்களிடம் இருந்தது என்று தெரிந்த பிறகு, இறந்துபோன வயல்களை நினைத்தால் பெருமைக்கு மேல் கோபம் வருகிறது.

இன்றும் மழையை இவர்களில் சிலரைப் போல அறிந்தவர் இல்லை. எல்லோரையும் சொல்லவில்லை, கோடி கோடியாகப் போட்டு நேர்மையாகச் சுத்திகரிப்பவர்கள் இருக்கிறார்கள், இந்தச் சிலரால் அவர்களுக்குத்தான் முதல் நட்டம். ஓடையில் எந்த இரவு வெள்ளம் புரளும், எந்த நேரத்தில் வால்வைத் திறந்தால் நிறம் கரைந்துபோகும் என்பதெல்லாம் இவர்களுக்கு அத்துபடி. வானிலைக்காரர்கள் வந்து பாடம் கேட்கலாம். மறுநாள் காலையில் ஆற்றில் நுரை பொங்கும். படம் பத்திரிகையில் வரும்.

சுத்திகரிப்பில் கடைசியாக மிஞ்சும் கலப்பு உப்பும் கசடும் மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. இதற்கு என்ன வழி என்று கேட்டால், ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். அவர்கள் திறமையை நான் முழுதாக நம்புகிறேன். அவர்களுடைய "முடியாது" எத்தனை நாள் தாங்கும் என்பதும், யார் உத்தரவு போட்டால் அது "முடியும்" ஆகும் என்பதும் நொய்யல் கரைக்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.