ஏழு பேரும் எட்டுப் பதவியும்

தட்டாஞ்சாவடியில் ஒரு பக்கம் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம். நடுவில் லாரிக்கும் மூட்டைக்கும் வழிவிட்டுக் குடியிருக்கிறோம் நாங்கள். "பாண்டிச்சேரியா? தினமும் கடல் பார்ப்பீங்களே!" என்பார்கள் வெளியூர்ச் சொந்தங்கள். எங்கள் தெருவில் கடல் பார்க்க ஐப்பசி, கார்த்திகை வரவேண்டும். அப்போது வாசற்படிக்கே வந்துவிடும். வாய்க்கால் அடைப்பு.

கவுன்சிலரிடம் சொல்லலாமே என்பீர்கள். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-இல். 2011-இல் அந்தப் பதவிக்காலமும் முடிந்தது. 2021-இல் தேதி அறிவித்த தேர்தலும் நடக்காமல் போனது. எம்.எல்.ஏ.விடம் போகலாமென்றால், 2021-இல் இந்தத் தொகுதியில் ஜெயித்த ரங்கசாமிதான் முதலமைச்சரும் ஆனார். யமஹா பைக்கில் ஓட்டுப் போட வருகிற எளிமையான மனிதர்தான். ஆனாலும் அடைத்த வாய்க்காலுக்காக முதலமைச்சர் முன்னால் போய் நிற்கக் கூச்சமாக இருக்காதா? ஆகவே, குடியிருப்போர் நலச்சங்கம் தொடங்குவதென்று முடிவாயிற்று.

ரிட்டயரான அரசு ஊழியர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூட்டம். 1860-ஆம் வருடச் சங்கப் பதிவுச் சட்டப்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும் என்றார் அவர். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் தாத்தா சிரித்தார். "எதுக்குப்பா ஏழு பேரு? பிரான்சுல 1901 சட்டம். ரெண்டு பேரு இருந்தாப் போதும், சங்கம்தான்."

"ரெண்டு பேரா? ஒருத்தர் தலைவர், இன்னொருத்தர் போட்டித் தலைவர். வேலையை யார் சார் பாக்குறது?" என்றார் எதிர்வீட்டுக்காரர்.

அடுத்து, பெயர் வைக்கும் படலம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி ஓட்டுப் போட்டார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. பிரெஞ்சு ஆட்சி போவதற்கு ஒரே நாளில் வழி பிறந்துவிட்டது. நாங்கள் ஏழே பேர். 'நலச்சங்கம்' என்பதா, 'நல்வாழ்வுச் சங்கம்' என்பதா என்று முடிவெடுப்பதற்குள் மூன்று முறை டீ வந்தது.

பதவிகளில் மட்டும் சண்டையே இல்லை. தலைவர், துணைத் தலைவர், செயலாளர், இணைச் செயலாளர், பொருளாளர், சட்ட ஆலோசகர், செய்தித் தொடர்பாளர் என்று ஆளுக்கொன்று. எட்டாவதாகக் கௌரவத் தலைவர் பதவி. அது பாரிஸில் இருக்கும் வீட்டுக்காரர் ஒருவருக்குப் போனது. முதல் நன்கொடை அவருடையது.

பதிவு முடியும் முன்பே ரப்பர் ஸ்டாம்பும் லெட்டர்பேடும் வந்துவிட்டன. லெட்டர்பேடின் தலைமாட்டில் சங்கத்தின் பெயர், வலது மூலையில் தலைவர் செல் நம்பர், இடது ஓரம் நெடுக எட்டுப் பேரும் பட்டங்களோடு. மீதி இருந்த இடத்தில் 'ஐயா, எங்கள் தெரு வாய்க்கால்' வரைதான் எழுத முடிந்தது. அடைத்துக்கொண்ட விஷயத்தைப் பின்பக்கம் எழுதினோம்.

பிறகு கொடியேற்று விழா. மற்ற ஊர்ச் சங்கங்களுக்கு ஜனவரி 26, ஆகஸ்ட் 15 என்று இரண்டு நாள் மிட்டாய்ச் செலவோடு முடிந்துவிடும். நமக்கோ 1962-இல் சட்டப்படி இணைந்ததற்கு ஆகஸ்ட் 16, 1954-இல் ஆட்சி கைமாறியதற்கு நவம்பர் 1 என்று மேலும் இரண்டு. நான்கையும் விடக்கூடாதென்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. வாய்க்கால் தீர்மானம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

அந்தக் கூட்டம் வரை பொருளாளர் அக்கா காத்திருக்கவில்லை. பணத்தை நம்பிக் கொடுக்க வேறு ஆள் கிடைக்காததால் பொருளாளர் ஆனவர் அவர். வீடு வீடாக ஐம்பது ரூபாய் வாங்கினார். மனுவை நேரில் கொடுத்தார். ஆள் வந்ததும் மண்வெட்டி பக்கத்திலேயே நின்று, "இன்னும் ஆழமா எடுப்பா, அந்த பிளாஸ்டிக்கையும் எடு" என்று வேலை வாங்கினார். அந்த வருடம் மழைத்தண்ணீர் தெருவோடு நின்றது. திறப்பு விழா வைக்கலாமா என்று செயலாளர் கேட்டபோது அக்கா பார்த்த பார்வையில் அந்தப் பேச்சும் நின்றது.

கவுன்சிலர் இல்லாத ஊரில் சங்கம்தான் கடைசி நாதி. உங்கள் தெருவில் இருந்தால் சேருங்கள், இல்லையென்றால் தொடங்குங்கள். ஆனால் தயவுசெய்து உறுப்பினராகச் சேருங்கள். எல்லாத் தெருவிலும் காலியாக இருப்பது அந்த ஒரு இடம்தான்.