பசுவுக்கு ஈசிஜி: தரங்கம்பாடிவாசிகளுக்குச் சில யோசனைகள்

செல்போனோடு சேர்ந்து வேலை செய்யும் அந்தச் சின்னப் பட்டையை வாங்கிவிட்டீர்கள். இரண்டு உலோகத் தகடுகள். அரை நிமிடம் தொட்டுக்கொண்டிருந்தால் திரையில் ஈசிஜி கோடு ஓடும். அமெரிக்காவின் அலைவ்கோர் நிறுவனம் மனிதர்களுக்கென்று செய்த சாமான்தான். ஆனால் கால்நடை மருத்துவர்கள் அதை நாய், பூனை, குதிரை, பசு என்று வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டார்கள். நமக்கென்ன தயக்கம்?

ஆட்டில் தொடங்குங்கள், தைரியம் வரும். 1620-இல் கட்டத் தொடங்கிய டேனிஷ் கோட்டையைச் சுற்றி ஆட்டுக்கா பஞ்சம்? ஆட்டின் இதயம் நிமிடத்துக்கு 70 முதல் 90 முறை துடிக்கும். மனிதக் கணக்கில் பழகிய ஆப் அதைப் பார்த்து 'இயல்பு' என்று சான்றிதழே கொடுத்துவிடும். அந்தச் சந்தோஷத்தில் பூனையைத் தூக்கி வராதீர்கள். பூனைக்கு 200 துடிப்பெல்லாம் சகஜம், ஆப் பதறிவிடும். நாய் இன்னொரு தினுசு. மூச்சை இழுக்கையில் துடிப்பு வேகமாகி, விடுகையில் குறைவது நல்ல நாய்க்கு அழகு. தாளம் தப்பிய அந்தக் கோட்டைக் கண்டு ஆப், ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனோ என்று சந்தேகப்படலாம்.

உங்களிடம் இருப்பது பழைய மாடல் என்றால் இன்னொரு வேடிக்கை. அது இதயத்தின் மின்துடிப்பை மிக உயர்ந்த ஒலியாக மாற்றி செல்போன் மைக்குக்கு அனுப்பும். பெரியவர்கள் காதுக்கு அது எட்டாது. நாய்க்கும் பூனைக்கும் நன்றாகவே கேட்கும். பட்டையை வைத்ததும் நாய் தலையைச் சாய்த்து முறைத்தால் அதை நோய்க்குறி என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

இனி பசு. இடது முன்னங்காலின் முழங்கைக்குப் பின்னே கொஞ்சம் முடியைச் சிரைத்து, ஸ்பிரிட்டோ ஜெல்லோ தடவி, பட்டையை அழுத்திப் பிடிக்க வேண்டும். "ஏன் தம்பி, பாலு வாங்க வந்தியா, படம் புடிக்க வந்தியா?" என்று மாட்டுக்கார அம்மா கேட்டால் பால் என்றே சொல்லிவிடுங்கள். உம்பளச்சேரி மாடாக இருந்தால் பின்வாங்க இடம் விட்டு நில்லுங்கள். எந்த மாடானாலும் ஈ உட்கார்ந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்துக் காட்டும். அந்த ஒரு சிலிர்ப்பில் கோடு கந்தல். கேமராவில் விரல் வைத்தால் நாடி சொல்லும் ஆப்பை நம்பி வாலைப் பிடிக்க வேண்டாம். வாலின் அடிப்பக்கத்தில் நாடி இருப்பது உண்மை, ஆனால் அதைக் கைவிரலால் பார்ப்பதுதான் வழக்கம். பசுவுக்கு 50 முதல் 80 வரை இருக்கும்.

பட்டையே வேண்டாம், கடல் இருக்கிறதே என்று சிலர் யோசிக்கக்கூடும். முன்னுதாரணம் உண்டு. 1909-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் அகஸ்டஸ் வாலர், தன் புல்டாக் ஜிம்மியின் கால்களை உப்புநீர் ஜாடிகளில் நிறுத்தி இதய மின்னோட்டத்தைக் காட்டினார். இது வதை இல்லையா என்று பாராளுமன்றத்தில் கேள்வி எழுந்தது. வெறும் உப்புத் தண்ணீர்தான், கடலில் கால் நனைத்தவருக்குத் தெரியும் என்ற தோரணையில் பதில் சொன்னார் உள்துறை அமைச்சர் கிளாட்ஸ்டன். அதற்காகப் பசுவை அலையில் இறக்காதீர்கள். காலுக்கொரு ஜாடி இருந்தால்தான் கோடு வரும். எல்லாக் காலும் ஒரே கடலில் நின்றால் ஒன்றும் தேறாது.

விளையாட்டை நிறுத்தவேண்டிய இடம் ஒன்று உண்டு. வைக்கோலோடு கம்பியையோ ஆணியையோ மாடு விழுங்கிவிடும். அது இரண்டாம் வயிற்றில் தங்கும். அந்த வயிற்றுக்கும் இதயத்துக்கும் நடுவே உதரவிதானம் மட்டும்தான். கம்பி அதைத் துளைத்து இதய உறையைக் குத்தினால் உறைக்குள் சீழும் நீரும் கோத்துக்கொள்ளும். மாடு முழங்கையை அகட்டி நிற்கும், சரிவில் இறங்கத் தயங்கும், கழுத்து நாளம் புடைக்கும், அலைதாடி வீங்கும். உங்கள் கோடு வேகத்தைக் காட்டும், கம்பியைக் காட்டாது. பட்டையைப் பையில் போட்டுவிட்டு, அதே செல்போனில் 1962-ஐ அழைத்து கால்நடை ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

எடுத்த கோடு வீண் என்று சொல்லவில்லை. தாளம் தப்பியிருக்கிறதா என்று தூரத்திலிருக்கும் மருத்துவர் பார்க்க அது உதவும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிவரை மாட்டை வண்டியேற்றுவதைவிட வாட்ஸ்அப்பில் கோட்டை ஏற்றுவது சுலபம். அனுப்பும்போது மட்டும் கவனம். 'பெயர்: லட்சுமி, வயது: 6' என்று மொட்டையாகப் போட்டால், மறுமுனையில் குழந்தைகள் டாக்டரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.