கோச்சு மாமாவை வெளியே அனுப்புங்கள்

அடி அண்ணாமலையில் கபடிக்கு ஆள் இருக்கிறது. வாலிபாலுக்கு வலை இருக்கிறது. கிரிக்கெட்டுக்கு அறுவடை முடிந்த வயலெல்லாம் மைதானம்தான். கால்பந்து ஆடுகிறவர்களைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். ஆனால் கால்பந்துக்குப் பயிற்சியாளர் ஒருவர் இருக்கிறார். கிரிவலப் பாதையில் வருண லிங்கத்தைத் தாண்டி வந்தால், ஆதி அண்ணாமலையார் கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு டீக்கடை. அங்கே டிவிக்கு நேர் எதிர் பெஞ்சில், சுவரில் முதுகைச் சாய்த்தபடி உட்கார்ந்திருப்பார். ஊருக்கு அவர் கோச்சு மாமா.

அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் அவர் காலால் உதைத்த ஒரே உருண்டைப் பொருள், யாரோ திருஷ்டி கழித்து ரோட்டில் போட்ட எலுமிச்சம்பழம். அதுவும் தெரியாமல் பட்டது. ஒரு வாரம் ஜுரம் என்று அவர் வீட்டம்மா இன்றும் சொல்வார். இந்தத் தகுதியோடுதான் அவர் சென்னையின் எஃப்சி அணியை 2014இலிருந்து நடத்தி வருகிறார். மார்கோ மாதெரட்ஸி, ஜான் கிரெகரி என்று வெளிநாட்டிலிருந்து வந்து போனவர்களெல்லாம் அவரைப் பொறுத்தவரை டிரைவர்கள். விசில் அவர் கையில்.

முதல் 80 நிமிடம் மாமா பரம சாது என்று சொல்ல முடியாது, ஆனாலும் பொறுத்துக்கொள்ளலாம். "மேல ஏறி ஆடுங்கடா, இன்னாத்துக்குப் பின்னாடியே தட்டிக்கினு இருக்கறீங்க" என்பதோடு நிற்கும். கிரிவலம் போகிறவர்கள் டீ குடிக்க ஒதுங்கி, "எத்தனை ஓவர் பாக்கி?" என்று கேட்டால்கூட "இது கிரிக்கெட் இல்ல சாமி" என்று மரியாதையாகவே பதில் சொல்வார். 80ஐத் தாண்டியதும், அதிலும் சென்னை ஒரு கோல் முன்னிலையில் இருந்துவிட்டால், அதுவரை ஏறி ஆடச் சொன்ன மனிதர் பத்து பைசா சில்லறையை முந்தானையில் முடிந்த கிழவியாக மாறிவிடுவார். "எவனும் கோட்டைத் தாண்டாதே! பஸ்ஸைக் குறுக்கால நிறுத்து!" கோலுக்கு முன்னால் மொத்த அணியையும் நிறுத்திக்கொள்வதற்கு அந்தப் பேச்சைப் பிரபலமாக்கியவர் ஜோசே மோரின்யோ. 2004இல் டாட்டன்ஹாம் அணி தன்னிடம் அப்படி ஆடியதாக அவர் குறைபட்டுக்கொண்டார். முப்பது வருஷம் பஸ்ஸில் நின்றே பிழைத்த நம் மாமாவுக்கு அது குறையாகப் படவில்லை. தொழில் ரீதியான அங்கீகாரமாகப் பட்டது.

கடைசிப் பத்து நிமிடத்துக்கென்று அவரிடம் தனிச் சட்டப் புத்தகமே உண்டு. நம்ம பையன் பந்தை மூலைக்கொடி ஓரம் கொண்டுபோய் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றால் அது மூளை. எதிரணிக்காரன் அதையே செய்தால் பொறுக்கித்தனம். நம்ம கோலி பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படுத்தால் பாவம், மூச்சு வாங்குகிறது. அவங்க கோலி படுத்தால், "இன்னா, தூங்க வந்தியா? பாய் கொண்டாந்து போடட்டா?" நம்மவர் தசைப்பிடிப்பில் விழுந்தால் ஆம்புலன்ஸ் வரட்டும், அவசரமில்லை, அவர்கள் விழுந்தால் உருட்டி வெளியே தள்ளு. கோலி பந்தை எட்டு விநாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்று 2025இல் விதியை மாற்றினார்கள். அந்தச் செய்தியை மாமா மிகவும் பாராட்டினார். சென்னை ஆட்டத்துக்கும் அது பொருந்தும் என்று தெரிந்ததும், "வெள்ளைக்காரனுக்கு வேற வேலை இல்ல" என்றார்.

அவருடைய நேர் எதிரி பக்கத்துப் பேக்கரியில் வேலை பார்க்கும் திருச்சூர்ப் பையன். கேரளா பிளாஸ்டர்ஸ் ஆள். மேட்ச் அன்று மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டுதான் தேங்காய் பன்னை அடுக்குவான். மற்ற நாளெல்லாம் இவர்கள் மாமனும் மருமகனும்தான். ஒரே பீடிக்கட்டு, ஒரே தினத்தந்தி. மேட்ச் அன்று மட்டும் மாமா அந்தக் கடையில் கைமுறுக்குக்கூட வாங்க மாட்டார். கொச்சியிலும் சென்னை நேரு ஸ்டேடியத்திலும் 'மஞ்சப்பட', 'பி ஸ்டேண்ட் புளூஸ்', 'சூப்பர்மச்சான்ஸ்' என்று ரசிகர் படைகள் ஆயிரக்கணக்கில் திரண்டு கத்துவார்கள். இங்கே பக்கத்துக்கு ஒருவர்தான். சத்தத்தில் குறை சொல்ல முடியாது.

பகைக்கு மூலம் 2014, ஐஎஸ்எல் கால்பந்து லீக்கின் முதல் வருஷம், அரையிறுதி. கொச்சியில் கேரளா 3-0. டிசம்பர் 16, சென்னையில் பதில் ஆட்டம். கேரளா அரைமணி ஆவதற்குள்ளேயே ஒரு ஆளைச் சிவப்பு அட்டையில் இழந்தது. சில்வெஸ்டர் ஒரு கோல், கேரளாவின் ஜிங்கன் தன் வலைக்குள்ளேயே ஒன்று, 90வது நிமிடத்தில் ஜேஜே ஒன்று. மொத்தக் கணக்கு 3-3. டீக்கடை கூரை தப்பியது கடவுள் புண்ணியம். மாமா தன் கணக்கில் எல்லோருக்கும் டீ சொன்னார். கூடுதல் நேரம் ஓடுகிறது. பெனால்டிக்குப் போய்விடலாம் என்று மாமா முடிவு செய்து, "இனிமே யாரும் அசையாதீங்க" என்று டிவிக்கு உத்தரவு போட்டார். அசையவில்லை. 117வது நிமிடத்தில் ஸ்டீபன் பியர்சன் அடித்தார். 4-3, கேரளா ஃபைனலுக்குப் போனது. திருச்சூர்ப் பையன் தெருவில் இறங்கி ஆடினான். டீக்கணக்கு மாமா பேரில் நின்றது.

அடுத்த வருஷம்தான் கடைக்கு ஞானம் பிறந்தது. 2015 டிசம்பர். சென்னையில் வெள்ளம், அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தையே புணேவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்துவிட்டு, 20ஆம் தேதி கோவாவில், கோவா அணியோடு ஃபைனல். அன்றைக்குக் கடைக்குப் புது விருந்தாளி ஒருவர், காவி வேட்டி கட்டிய இத்தாலிக்காரர். குடும்பம், சொத்து, தேசம் எல்லாவற்றையும் துறந்து மலையைச் சுற்ற வந்தவர், டிவியில் மாதெரட்ஸி முகத்தைப் பார்த்ததும் செருப்பில்லாத காலோடு அங்கேயே நின்றுவிட்டார். 2006 உலகக் கோப்பை ஃபைனலில் ஜிதேனின் தலைமுட்டு வாங்கிய நெஞ்சை அவரால் மட்டும் துறக்க முடியவில்லை.

1-1. 87வது நிமிடத்தில் கோவாவின் ஜோஃப்ரே ஃப்ரீ கிக்கை உள்ளே போட்டார். 2-1. மாமா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். "மாட்டுக்குத் தண்ணி காட்டணும்" என்று ஒரே ஒரு வாக்கியம். போய்விட்டார். அவர் தெருமுனை திரும்பியிருப்பார். 90வது நிமிடம், கோவாவின் கோலி கட்டிமணி பந்தைத் தானே வலைக்குள் விட்டார். அதற்கு முன் இரண்டு பெனால்டிகளைத் தடுத்த மனிதர் அவர். காயநேரத்தில் மெண்டோசா. 3-2. கோப்பை. இத்தாலிய சந்நியாசி டீ மாஸ்டரைத் தூக்கிச் சுற்றினார். சத்தம் கேட்டு மாமா கையில் தவிட்டோடு ஓடி வந்து, "எனக்குத் தெரியும்! கோலி பதறுவான்னு அப்பவே சொன்னேன்!" என்றார். யாரிடம் சொன்னார் என்றால் மாட்டிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கும் அந்த இரண்டு கோலையும் நேரில் பார்த்ததாகவே வர்ணிப்பார். மெண்டோசா எந்தக் காலால் அடித்தார் என்று கேட்டால் மட்டும் டீ ஆறுகிறது என்பார்.

ஆனால் கடைக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். மாமா உள்ளே இருந்தபோது 117வது நிமிடத்தில் தோல்வி; வெளியே போனபோது மூன்று நிமிடத்தில் இரண்டு கோல். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? அன்றிலிருந்து இந்த டீக்கடைக்குச் சொந்தமாக ஒரு கடைசி நேர வியூகம் உண்டு. 85வது நிமிடம் ஆனதும் டீ மாஸ்டர் கரண்டியால் பாய்லரைத் தட்டுவார். "மாமா, கொஞ்சம் வெளிய நில்லுங்க."

2018 மார்ச் 17, பெங்களூரில், பெங்களூரு அணியோடு ஃபைனல். அன்று அமாவாசை, நல்ல நாள், அதிலும் சென்னை 3-1 முன்னிலை. சேத்ரி ஆரம்பத்திலேயே போட்ட கோலுக்கு, மைல்சன் ஆல்வெஸ் தலையாலேயே இரண்டு போட்டு, ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதையும் போட்டாயிற்று. பெரிய மனிதர், இந்த ஒரு தடவையாவது உட்காரட்டும் என்று இரக்கப்பட்டார்கள். காயநேரத்தில் மீகு அடித்து 3-2. மறு விநாடி மாமாவை நான்கு பேர் பெஞ்சோடு தூக்கி ரோட்டில் வைத்தார்கள். அதற்குப் பிறகு பெங்களூருக்கு ஒன்றும் விழவில்லை. சென்னைக்கு இரண்டாவது கோப்பை. வியூகத்துக்கு எழுத்துப்பூர்வ அத்தாட்சி கிடைத்தது மாதிரி ஆயிற்று.

முதலில் கோபப்பட்ட மாமா, பிறகு அதிலும் தன் கலையைக் காட்டத் தொடங்கினார். சென்னை பின்தங்கியிருந்தால் பாய்லர் சத்தம் கேட்கும் முன்பே எழுந்து ஓடுவார். முன்னிலையில் இருந்தால் நிதானம். முதலில் டீயின் கடைசி மடக்கு. பிறகு வேட்டியை அவிழ்த்து மறுபடி கட்டுவார். செருப்பைத் தேடுவார், அது காலில்தான் இருக்கும். ஒவ்வொரு பெஞ்சிலும் கை கொடுத்து, வாசலில் நின்று மலையைப் பார்த்து ஒரு கும்பிடு. இரண்டு நிமிடம் போய்விடும். டிவியில் ஓடும் கடிகாரத்துக்கும் அடி அண்ணாமலை டீக்கடையில் செருப்பு தேடுவதற்கும் என்ன சம்பந்தம் என்று நான் ஒருமுறை கேட்டேன். பதில் சொல்லாமல் என்னைப் பார்த்த பார்வையில் நான் பேக்கரிப் பையன் கட்சி என்ற முடிவு இருந்தது.

அந்தப் பேக்கரிப் பையன்தான் இதற்கு வைத்தியம் கண்டுபிடித்தான். "மாமா, 2019ல சட்டம் மாறியாச்சு. வெளிய போற ஆள் பக்கத்துல இருக்குற கோட்டு வழியாத்தான் போகணும்." உண்மைதான், மாற்று வீரர் இறங்கும்போது நேரம் கடத்துவதைத் தடுக்க வந்த விதி. மாமாவின் பெஞ்சுக்கு மிக அருகில் உள்ள கோடு, எச்சில் கிளாஸ் கழுவும் பின்கதவு. அன்று முதல் அவர் சாம்பல் வாளியைத் தாண்டித்தான் வெளியேறுகிறார்.

அதே பையனுக்கு 2023 மார்ச் 3 அன்று வந்தது சோதனை. பெங்களூரில் நாக்-அவுட். 90 நிமிடம் கோல் இல்லை. 96வது நிமிடத்தில், கேரளாக்காரர்கள் தடுப்புச் சுவர்கூட அமைக்காத நேரத்தில், சேத்ரி ஃப்ரீ கிக்கைத் தட்டி உள்ளே போட்டுவிட்டார். நடுவர் கோல் என்றார். பயிற்சியாளர் வுகோமனோவிச் அணியையே மைதானத்தை விட்டு அழைத்துக்கொண்டு போய்விட்டார். மாமாவுக்குத் தர்மசங்கடம். கேரளா எதிரி, பெங்களூரு அதைவிட எதிரி. கடைசியில் தொழில் தர்மம்தான் ஜெயித்தது. "விசில் குடுக்காம வண்டி எடுத்தா டிரைவருக்கு மெமோ. அவன் எடுத்தது தப்பு" என்றார். பையன் கண் கலங்கிப்போய் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "ஆனா நடுவழியில எறங்கினா டிக்கெட் காசு திரும்பாது, தம்பி. நீங்க எறங்கினதும் தப்பு." பையன் கையை விட்டான். கால்பந்து சம்மேளனமும் பின்னால் அதையேதான் சொன்னது, கொஞ்சம் விலை கூட்டி: கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், பயிற்சியாளருக்கு 10 ஆட்டத் தடை.

2025 ஜூலையில் இன்னொரு இடி. சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்துகிறவர்களுக்கும் இருந்த ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, புதுப்பிக்கவில்லை, அதனால் அடுத்த சீசனே நிறுத்திவைப்பு என்று அறிவித்தார்கள். பேக்கரிப் பையன்தான் செல்லில் படித்துக் காட்டினான். ஒரு தரப்பு பேச்சுவார்த்தை என்றது, மறு தரப்பு நீதிமன்றம் என்றது, ஆட்டம் எப்போது என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. மாமா ரொம்ப நேரம் யோசித்தார். அவருக்குத் தெரிந்த வியூகம்தான் இது. மூலைக்கொடி ஓரம் பந்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

"நல்லா டைம் கடத்தறானுங்க, தம்பி" என்றார். "ஆனா இதுல எவன் முன்னால இருக்கான்?"