ஐப்பசியில் இலை உதிராது

வார இறுதி, இருவர், மலையேற்றம், வெளியே சாப்பாடு, பின்னணியில் செந்நிற இலைகள்: இந்தக் கனவு செல்போன் வழியாகத் தருமபுரி மாவட்டத்துக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கம்பைநல்லூரிலிருந்து கிளம்பும் ஜோடிக்கு ஒரே சிக்கல், இங்குள்ள காடு அந்தப் படங்களைப் பார்த்ததில்லை. மாசி பங்குனியில் இலையுதிர்த்துவிட்டு, வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசியில் பச்சைப்பசேலென்று நிற்கும். செந்நிறம் வேண்டுமென்றால் தென்பெண்ணையில் வரும் வெள்ளத்தைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, மலை? தீர்த்தமலை இருக்கிறது. தீர்த்தகிரீசுவரர் கோயில் வரை படியேறினால் மூச்சு வாங்கும். வழியில் குரங்கு பையைச் சோதனை போடும். "அது சாமி கும்பிடப் போவது, ட்ரெக்கிங் ஆகாது" என்பார்கள். ஏன் ஆகாது? ஏறுவதும் வியர்ப்பதும் இறங்கியதும் பசிப்பதும் ஒன்றுதானே! மாமியார் வெறுங்காலோடு ஏறிய மலை என்பதற்காக அதன் உயரம் குறைந்துவிடுமா? மலைக்கோயிலில் மீன் வறுவல் கிடைக்காதே என்ற அடுத்த ஆட்சேபணை மட்டும் நியாயமானது. அதற்குத்தான் ஒகேனக்கல். மீனை நாமே பார்த்து வாங்கிக் கொடுத்தால், அங்குள்ள பெண்கள் மசாலா தடவி, கண்ணெதிரே பொரித்துத் தருவார்கள். மெனு கார்டு கிடையாது, சர்வீஸ் சார்ஜும் கிடையாது. ஆனால் காவிரியில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்டுவிடும். ஆகவே புறப்படும் முன், நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலுவில் எத்தனை கன அடி என்று செய்தியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.