நியூட்ரல் நைனா

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் ஒரு குன்று கிடையாது. ஏறி நின்று ஊரைப் பார்க்க ஒரு மேடுகூடக் கிடையாது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் பக்கிங்காம் கால்வாய், நடுவில் கன்டெய்னர் லாரி. இந்தத் தட்டைப் பூமியில் பிறந்து வளர்ந்த ஒருவர், இறக்கத்தில் வண்டி ஓட்டுவதில் நிபுணராக முடியுமா? முடியும். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருத்தர் இருக்கிறார். ஊர் அவருக்கு வைத்த பெயர் நியூட்ரல் நைனா.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். வயது அறுபதைத் தாண்டியிருக்கும். ஒரு காலத்தில் ஹார்பரில் லாரி ஓட்டியிருப்பார். அதுவும் நம்ம எண்ணூர் லேலண்டில் பிறந்த வண்டி. அப்புறம் பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டுக்கு அம்பாசிடர் ஓட்டியிருப்பார். சட்டைப் பையில் பங்க் ரசீதுகள் ஒரு கட்டு இருக்கும். "வண்டி எவ்ளோ குடுக்குது நைனா?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டால், நாஷ்டா நேரத்தில் ஆரம்பித்த பதில் மத்தியானச் சோற்றில்தான் முடியும்.

அவருடைய தத்துவம் இரண்டே வரி: "பள்ளத்துல வண்டி சும்மா போவும் கண்ணு. சும்மா போற வண்டிக்கு இன்னாத்துக்குப் பெட்ரோலு?"

பள்ளத்துக்கு எங்கே போவது? அதற்குத்தான் மேம்பாலம். நெரிசலைக் குறைக்கப் பாலம் கட்டுவதாக அரசாங்கம் நினைத்துக்கொண்டிருக்கிறது. நைனாவைக் கேட்டால் எல்லாம் இறக்கத்துக்காகக் கட்டியது. மின்ட் மேம்பாலம், பேசின் பிரிட்ஜ், எர்ணாவூர் மேம்பாலம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. எந்த விளக்குக் கம்பத்தருகே நியூட்ரல் போட்டால் எந்த டீக்கடை வாசலில் வண்டி நிற்கும் என்று சொல்லுவார். நேர் வழி இருந்தாலும் பாலம் இருக்கிற வழியாகத்தான் போவார். பாலத்தில் ஏறச் செலவான பெட்ரோல்? அது கணக்கில் வராது. கணக்கு உச்சியில்தான் ஆரம்பம்.

வீட்டிலும் அவர் நியூட்ரல்தான். மாமியாருக்கும் மருமகளுக்கும் வாக்குவாதம் வந்தால் பேப்பரை விரித்துக்கொள்வார். தேர்தல் வந்தால் நாலு கட்சிக்காரர்களிடமும் "நம்ம வோட்டு உனக்குத்தான் தலைவரே" என்பார். எதிலும் கியர் போடாமல் இத்தனை வருஷம் உருண்டு வந்தவர் என்று அவர் மனைவி சொல்லுவது பாராட்டா, புகாரா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இந்த மனிதருக்குத்தான் சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் ஆட்டோமேட்டிக் கார் வாங்கிக் கொடுத்தான். "நைனா, ரெண்டு பெடல்தான். கியரைத் தொடவே வேணாம்" என்றான். பாசத்தில் செய்தான், ஆனால் அது ஒரு தொழிலாளியின் இடது கையை ஒரே நாளில் வேலையை விட்டு நிறுத்திய மாதிரி ஆகிவிட்டது. இடது கால் முதல் வாரம் முழுக்க இல்லாத கிளட்ச்சைத் தேடிப் போய் அகலமான பிரேக்கை மிதித்தது. பின் சீட்டில் இருந்தவர்கள் முன் சீட்டை முத்தமிட்டார்கள். காலைக் கட்டுப்படுத்திவிட்டார். கையைத்தான் முடியவில்லை. 'டி'-யில் இருக்கிற கம்பியை 'என்'-னுக்குத் தள்ள பட்டன்கூட அமுக்க வேண்டியதில்லை என்று கண்டுபிடித்த அன்று அவர் முகத்தில் பழைய ஒளி திரும்பியது.

அன்றிலிருந்து பாலத்து உச்சியில் 'என்'. அடிவாரத்தில் மறுபடி 'டி'. ஒவ்வொரு தடவையும் வண்டிக்கு அடியில் ஒரு 'டொக்'. "இன்னாங்க அது, டொக்குனு?" என்று மனைவி கேட்டால், "வண்டி புச்சு, பழகணும்" என்பார்.

அந்த 'டொக்' என்ன என்று சொன்னவர் திருவொற்றியூரில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் தம்பி. "நைனா, ஓடுற வண்டில மறுபடி 'டி' போட்டா, உள்ளார கிளட்ச் பிளேட்டு திடீர்னு புடிக்கணும். இன்ஜின் ஒரு வேகம், சக்கரம் ஒரு வேகம். நடுவுல அந்தப் பிளேட்டுதான் உரசிகினு தேயுது. ஒருநாள் ரெண்டுநாள் போட்டா ஒண்ணும் ஆவாது. தெனம் போட்டா?"

"ஆனா பெட்ரோலு மிச்சம் ஆவுதில்ல?"

"அதான் காமெடி. இது காபரேட்டர் இல்ல, இன்ஜெக்ஷன். கியர்ல இருக்கும்போது ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தா, கம்ப்யூட்டரு பெட்ரோலையே நிறுத்திடும். சக்கரமே இன்ஜினைச் சுத்தும். நீ நியூட்ரல் போட்டா அந்தத் தொடர்பு அறுந்துடுது. அப்புறம் இன்ஜின் அணையாம இருக்கணும்னா அது குடிச்சே ஆவணும்."

சின்னக் கார் இன்ஜின் சும்மா ஓட மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டருக்குள் பெட்ரோல் கேட்கும். பாலம் இறங்க இருபது விநாடி என்றால், சுமார் மூன்று முதல் ஐந்தரை மில்லி. அதாவது, ஒவ்வொரு பாலத்திலும் நைனா சேமித்ததாக நினைத்தது அதிகபட்சம் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன்; உண்மையில் அதைச் செலவழித்துக்கொண்டிருந்தார்.

நைனா கட்சிக்கும் கொஞ்சம் நியாயம் உண்டு. அம்பாசிடரின் காபரேட்டர் கியரில் இறங்கினாலும் பெட்ரோலை உறிஞ்சும். லேசான சரிவாக நெடுந்தூரம் போகிற ரோடு என்றால், நியூட்ரலில் இன்ஜினின் இழுவை இல்லாமல் வண்டி இன்னும் கொஞ்சம் தூரம் உருளும். ஆனால் நம் பாலங்களின் அடியில் சிக்னலும் டிரெய்லர் வரிசையும்தான் காத்திருக்கின்றன. எப்படியும் பிரேக் மிதிக்கத்தானே போகிறோம்!

அந்த இன்ஜின் இழுவைதான் மலைப்பாதையில் உயிர் காக்கிறது. தருமபுரி–சேலம் நெடுஞ்சாலையில் தொப்பூர் கணவாய்க்கு இருக்கும் கெட்ட பெயரில், டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்கும் லாரிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. பாரம் முழுவதையும் பிரேக் ஒன்றே தாங்கினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். கலிபோர்னியாவில் இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டக் கூடாது என்று வாகனச் சட்டத்தின் 21710-ஆம் பிரிவே சொல்கிறது. இதை நைனாவிடம் சொன்னேன். "அவனுக்கு இன்னா, பெட்ரோல் கெணறு வெச்சிகினு பேசுறான்" என்றார்.

நைனாவோடு நானும் வண்டியில் போன ஒருநாள், எர்ணாவூர் பாலத்தடியில் கன்டெய்னர் டிரெய்லர் ஒன்று எங்கள் பக்கம் ஒடித்தது. சட்டென்று வேகமெடுத்துத் தாண்ட வேண்டிய நேரம். நைனா ஆக்சிலேட்டரை மிதித்தார். இன்ஜின் 'ஊஊ' என்று அலறியது. வண்டிக்கு அதைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் இல்லை. டிரெய்லர்காரர் ஏர்ஹார்ன் அடித்து பிரேக் போட்டதால்தான் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். "பார்த்தியா, அவன் வண்டி பிரேக்கு சூப்பரு" என்றார் நைனா.

உச்சக்கட்டம் எண்ணூரில் ஒரு காதுகுத்துக்குப் போய்த் திரும்பும்போது வந்தது. முள் சிவப்பைத் தொட்ட பிறகும் நாற்பது கிலோமீட்டர் போகும் என்பது அவர் நம்பிக்கை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வண்டி நின்றது. காசிமேட்டுக்கு மீன் கூடையோடு போன ஒரு 'குட்டியானை' மினி லாரியை நிறுத்தி, பின்னால் ரோப் கட்டி, 'என்'-னில் போட்டு, ராயபுரம் வரைக்கும் இழுத்து வந்தார்கள். வழி முழுக்க அவர் முகத்தில் அப்படி ஒரு பரவசம். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல், பாலமே தேவைப்படாமல், முழுப் பயணமும் நியூட்ரல்!

மறுநாள் பெட்ரோல் ஊற்றி 'டி' போட்டார். இன்ஜின் ஓடியது. வண்டி அசையவில்லை.

தம்பி கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கிக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டியது கறுத்து, கருகிய வாடை அடித்தது. "உள்ள ஆயில் பம்ப்பு இன்ஜின் சுத்தினாத்தான் சுத்தும் நைனா. நீ இன்ஜினை அணைச்சிட்டு சக்கரத்தை மட்டும் உருட்டிகினு வந்துகீறே. கியர்பாக்ஸ் உள்ளார சுத்துது, ஆயில் போவல. பாலத்துல தேய்ச்சது பாதி, ரோப் கட்டினது மீதி. முன்சக்கரத்தைத் தூக்கி இழுக்கணும், இல்லாட்டி வண்டியையே ரெகவரி லாரில ஏத்தணும்னு புக்குலயே போட்டுக்கீறான். பிரிச்சுப் பார்த்தியா?"

புக்கின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிபடாமல் டேஷ்போர்டில் இருந்தது. பில்லைப் பார்த்த மகன் சிங்கப்பூரிலிருந்து போனில் பேசியதை இங்கே எழுத முடியாது. நைனா அந்தச் சம்பாஷணையிலும் நியூட்ரலாகவே இருந்தார்.

இப்போது டீக்கடையில் அவர் தரும் உபதேசம் வேறு. "ஆட்டோமேட்டிக்ல போயி நியூட்ரல் போடுவாங்களா? பம்ப்பு இன்னா ஆவும்? ஜாம்ல நிக்கும்போது ஹேண்ட்பிரேக் போட்டுட்டு 'என்' போட்டுக்கோ, அது ஓகே. ஓடும்போது போடுறவன் மடையன். நான் இதை அன்னிக்கே சொல்லிகினு இருந்தேன்." தம்பி சொன்ன பாடத்தை இத்தனை சுத்தமாக ஒப்பிப்பவரை நான் பார்த்ததில்லை. அதைக் கேட்டு ரெண்டு இளைஞர்கள் திருந்தியும் விட்டார்கள்.

ஆனால் சிக்கன ஆராய்ச்சி நிற்கவில்லை. போன வாரம் என்னைத் தனியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "கண்ணு, டிக்கில ஒரு ஸ்டெப்னி கீது பாரு, பதினைஞ்சு கிலோ வரும். அதை இன்னாத்துக்கு தெனம் சொமந்துகினு போவணும்? பாரம் கொறைஞ்சா மைலேஜு ஏறும்." ஸ்டெப்னி இப்போது அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. பஞ்சர் ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு வர ஆள் வேண்டுமே என்று என் போன் நம்பரை வாங்கி வைத்திருக்கிறார்.