கோடையும் ஆடவர் முழங்காலும்: ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருளும் எல்லையும்

கத்திரி வெயிலில் ஆண்மக்கள் அரைக்கால் சட்டையும் செருப்பும் அணிந்து வெளியே வரலாமா என்பதே இக்கட்டுரையின் பொருள். ஆய்வு எல்லை தமிழ்நாட்டுத் தெருக்கள். கோவா எல்லைக்கு அப்பாற்பட்டது. அங்கே போயிருக்கும் தமிழரும் ஊர் திரும்பும்வரை அப்பாற்பட்டவரே. தரவுகள் டீக்கடை பெஞ்சில் அமர்ந்து திரட்டப்பட்டன.

உடலியல் நோக்கு

தீக்காய மருத்துவத்தில் பயன்படும் லண்ட்-பிரவுடர் அட்டவணைப்படி, வளர்ந்தவர் உடற்பரப்பில் முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதி, இரு காலும் சேர்த்து, 14 விழுக்காடு. பாதங்கள் 7 விழுக்காடு. ஆக, பேண்டையும் ஷூவையும் துறப்பவர் உடம்பில் ஐந்தில் ஒரு பங்குக்குக் காற்றோட்டம் கிடைக்கிறது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். சென்னையின் ஈரக்காற்றில் அது ஆவியாகவே தயங்கும். இந்நிலையில் 21 விழுக்காட்டைப் பூட்டி வைப்பது அறிவுடைமை அன்று எனத் துணியலாம்.

பிறநாட்டுச் சான்றுகள்

2017 ஜூன் வெயிலில், அரைக்கால் சட்டைக்கு அனுமதி இல்லாததால், பிரான்சின் நாந்த் நகரப் பேருந்து ஓட்டுநர்கள் சிலர் பாவாடை கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தனர். அதே மாதம் இங்கிலாந்தின் எக்ஸிட்டரில் பள்ளி மாணவர்களும் அவ்வாறே செய்தனர். பெர்முடா தீவிலோ கோட்டு, டை, அரைக்கால் சட்டை, முழங்காலைத் தொடும் காலுறை ஆகியவை சேர்ந்தால் அது அலுவலக உடை. முழங்கால் எங்கும் தன்னிச்சையாக வெளிவருவதில்லை, அதற்கு யாராவது அனுமதி தர வேண்டியிருக்கிறது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

ஆய்வுச் சிக்கல்

மடித்துக் கட்டிய வேட்டி, டப்பாக்கட்டு லுங்கி, பெர்முடாஸ் ஆகிய மூன்றும் காட்டும் கால் ஏறத்தாழ ஒரே அளவினது. காற்றடித்தால் லுங்கி கூடுதலாகவே காட்டும். எனினும், லுங்கியைத் தொடைவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு வாசலில் நிற்கும் பெரியப்பா, பால் வாங்கக் கிளம்பும் தம்பி மகனைப் பார்த்து, “ஏன்டா, அரை டிரவுசரோடயா தெருவுல போறே?” என்கிறார். அவனும் தலையைக் குனிந்துகொள்கிறானே தவிர, பெரியப்பாவின் முழங்காலைச் சான்றாகக் காட்டுவதில்லை.

இறக்கக் கோட்பாடு

இக்கட்டுரையின் கருதுகோள் பின்வருமாறு: குற்றம் காலைக் காட்டுவதில் இல்லை, வேண்டும்போது மறைக்க முடியாமல் காட்டுவதில் இருக்கிறது. எதிரே வாத்தியார் வந்தால் மடித்துக் கட்டிய வேட்டி சட்டென்று இறங்கும். அவர் தெருமுனை திரும்பியதும் ஏறும். கும்பிடாமலே கும்பிட்டதாகக் கணக்கு. பெர்முடாஸுக்கு இந்த இங்கிதம் கிடையாது. தலைமையாசிரியர் வந்தாலும் கேபிள்காரர் வந்தாலும் அது நின்ற இடத்திலேயே நிற்கும்.

செருப்பு இத்தேர்வில் முதல் வகுப்பில் தேறுகிறது. வாசற்படியில் நொடியில் கழல்கிறது. ஷூ அணிந்த விருந்தாளியோ லேஸோடு போராடி முடிக்குமுன் காபி ஆறிவிடுகிறது.

சட்ட நோக்கு

2014ஆம் ஆண்டு, வேட்டி கட்டிச் சென்ற உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவருக்குச் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் நுழைவு மறுக்கப்பட்டது. ஒரு மாதம்போலக் கழித்து, ஆகஸ்டில், தமிழகச் சட்டமன்றமே இதற்கெனச் சட்டம் இயற்றியது. வேட்டியைத் தடுப்போருக்கு ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். பெர்முடாஸுக்காகச் சட்டமன்றம் கூடியதாக வரலாறு இல்லை.

முடிவுகள்

1. செருப்பு எல்லா இடத்துக்கும் ஏற்றது.

2. அரைக்கால் சட்டை மொட்டை மாடி, பால் பூத், நாயோடு நடை ஆகியவற்றுக்கு ஏற்றது. சம்பந்தி வீடு, துக்க வீடு, வங்கியின் கடன் பிரிவு ஆகிய மூன்றுக்கும் ஆகாது.

மேலாய்வுக்கு

பெரியவர்களைக் கண்டதும் கணுக்கால்வரை இறங்கக்கூடிய அரைக்கால் சட்டை ஒன்றை வடிவமைக்கலாம். இரு காலும் ஒருசேர இறங்க வேண்டுமாகையால் நடுத்தையலை நீக்கிவிட வேண்டும். காற்றுப் புக வேண்டுமாகையால் பக்கத் தையலும் வேண்டாம். பட்டன், ஜிப் இரண்டும் வெயிலில் சுடும்; அவற்றையும் தவிர்க்கலாம். எஞ்சுவது நாலு முழத் துணி. இக்கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கோர இயலாது. ஈரோட்டில் ஏற்கெனவே கரை போட்டு விற்கிறார்கள்.