முதலை அசையட்டும்

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். மூன்று மணி நேரம் போதும் என்கிறது கைபேசி. அதற்கென்ன, அதற்குக் குடும்பம் கிடையாது.

எங்கெங்கே நிற்பது என்று முந்தின இரவே வீட்டில் மாநாடு கூடிவிடும். அப்பா வரலாற்றுக் கட்சி: மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டை, கடப்பாக்கத்துப் பக்கம் ஆலம்பரைக் கோட்டை. அம்மா பக்திக் கட்சி: கல்யாணம் தள்ளிப்போகும் என் தம்பிக்காகத் திருவிடந்தை. பையன் முதலைக் கட்சி. சித்தப்பா எதிலும் சேராமல், "டிபன் எங்கே?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் படுக்கப் போய்விடுவார்.

கடலை யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. அதுதான் வழி நெடுக வருமே என்ற நம்பிக்கை. வருவதென்னவோ காம்பவுண்டுச் சுவர், சவுக்குத் தோப்பு, ரிசார்ட் கேட். முட்டுக்காட்டுப் படகுத்துறைத் தண்ணீரைப் பார்த்ததும் சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "அது உப்பங்கழிம்மா" என்றார் அப்பா.

திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயிலில் மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஒன்பது சுற்று வரவேண்டும். "எட்டுதான்டா ஆச்சு" என்றாள் அம்மா. "இல்லம்மா, ஒன்பது" என்றான் தம்பி. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொன்று. கல்யாணம் ஆகும்வரை அந்த மாலை வீட்டில் பத்திரமாக இருக்கவேண்டுமாம். அதனால் முன் சீட் மாலைக்கு. சித்தப்பா பின்னால் நசுங்கினார்.

அடுத்து வடநெம்மேலியில், 1976இல் ரோமுலஸ் விட்டேகர் தொடங்கிய முதலைப் பண்ணை. முதலை வாயைப் பிளந்தபடி கிடந்தது. உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது என்று விளக்கினார் அப்பா. "அது அசையட்டும், அப்புறம் வரேன்" என்றான் பையன். அது அசையவில்லை, அவனும்தான்.

1984இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய மாமல்லபுரத்துக்கு எங்கள் பட்டியலில் மிஞ்சியது அரை மணி. பீம ரதத்தைத் தாண்டுவதற்குள் சித்தப்பாவுக்குப் பசி வந்துவிட்டது. சவுக்கு நிழலில் புளியோதரைப் பொட்டலம் பிரிந்தது. கோட்டைகள் இரண்டும் ஏப்பத்தோடு போயின.

ஆகவே, இந்தச் சாலையில் போகிறவர்கள் முதலில் பசியைக் குறியுங்கள், அடுத்து வேண்டுதல், பிறகு பிள்ளைகள். மிச்சமிருக்கும் நேரத்தில் பல்லவர்களைப் போட்டுக்கொள்ளலாம். 1300 வருஷமாகக் காத்திருக்கிறவர்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சித்தப்பா கோபித்துக்கொள்வார்.